மாதவியாக ஆடிய டி.பி.ராஜலட்சுமி: தமிழின் முதல் கதாநாயகி நடித்த படங்கள் எங்கே போயின?

தமிழின் முதல் பேசும் பட நாயகி யார் என்று போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவங்களைக் கேட்டால், யோசிக்காமல் டி.பி.ராஜலட்சுமி என்று சொல்லிவிடுவார்கள். தென்னிந்தியாவின் முதல் பெண் இயக்குநர் யார் என்று கேட்டாலும் அதே பதில்தான். இரண்டு மதிப்பெண்ணும் உறுதி.

ஆனா, அவர் எப்படி ஆடினார், எப்படிப் பாடினார், எப்படி ஒரு படத்தை இயக்கினார் என்று பார்க்க ஆசைப்பட்டால் அங்கேதான் சிக்கல். கீழ்க்கட்டளை பஸ் ஸ்டாண்டில் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரத்தில் போனை எடுத்துத் தேடிப் பாருங்கள். மங்கலான சில கறுப்பு வெள்ளைப் புகைப்படங்கள் வரும். அவருக்குப் பேர் வாங்கித் தந்த 'கோவலன்', 'காளிதாஸ்', 'மிஸ் கமலா' ஆகிய மூன்று படங்களில் ஒரு நிமிடக் காட்சிகூட வராது. ஏனென்றால் அந்தப் படச்சுருள்கள் இன்று எங்குமே இருப்பதாகத் தெரியவில்லை.

யார் இந்த ராஜலட்சுமி? அவர் நடித்த படங்களுக்கு என்ன ஆச்சு? விரிவாகப் பார்ப்போம்.

திருவையாற்றுச் சிறுமி மேடைக்கு வந்தது எப்படி?

1911-ம் ஆண்டு நவம்பர் மாதம் திருவையாற்றில் ஒரு பிராமணக் குடும்பத்தில் பிறந்தவர் ராஜலட்சுமி. தந்தை பஞ்சாபகேசன் கிராமக் கணக்குப்பிள்ளை. ஊர்ப் பெயரின் முதல் எழுத்தும் தந்தை பெயரின் முதல் எழுத்தும்தான் 'டி.பி.' ஆனது.

பத்து வயதுகூட நிறையாத நேரத்தில் அவருக்குத் திருமணம் நடந்தது. அந்தக் காலத்தில் அது சர்வசாதாரணம். குழந்தைத் திருமணத்தைத் தடுக்கும் சாரதா சட்டமே 1929-ல்தான் நிறைவேறியது. பெண்ணுக்குக் குறைந்தபட்ச வயது 14 என்று அது சொன்னபோது ராஜலட்சுமிக்கு ஏறக்குறைய 18 வயது. அதற்குள் அவருடைய திருமணம் முறிந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. தந்தையும் இறந்துபோனார்.

வருமானத்துக்கு வழி இல்லை. தாயும் பிள்ளைகளும் திருச்சிக்குக் குடிபெயர்ந்தார்கள். சிறுமியின் கையில் இருந்த ஒரே முதல், ஒருமுறை கேட்டதை அப்படியே பாடிக்காட்டும் திறமை. பதினோரு வயது வாக்கில் சாமண்ணா நாடகக் குழுவில் சம்பளத்துக்குச் சேர்ந்தார். கணவனைப் பிரிந்த ஒரு பிராமணச் சிறுமி கூத்தாடப் போகிறாள் என்றால் 1920-களின் தஞ்சை, திருச்சி வட்டாரத்தில் ஊர் எப்படிப் பேசியிருக்கும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அன்றைய நாடக மேடை எப்படி இருந்தது?

இன்றைக்கு இருக்கிற மாதிரி மைக் கிடையாது. கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருப்பவருக்கும் குரல் கேட்டாக வேண்டும். நாடகம் இரவு தொடங்கினால் விடியும்வரை போகும். வசனத்தைவிடப் பாட்டுக்குத்தான் கூட்டம். பக்கத்தில் ஆர்மோனியக்காரர் இருப்பார். அவருக்கும் நடிகருக்கும் நடக்கும் சுருதிச் சண்டையே தனி ஆட்டம்.

மேடையை ஆண்டது சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகங்கள். 'பவளக்கொடி', 'வள்ளி திருமணம்', 'கோவலன்' எல்லாம் அவர் எழுதியவை. இந்தப் பாடங்கள் நடிகர்களுக்கு மனப்பாடம். அதனால் ஒத்திகையே இல்லாமல், வெவ்வேறு ஊர்களில் இருந்து நடிகர்களைத் தனித்தனியாக ஒப்பந்தம் பேசி வரவழைத்து, அன்று இரவே மேடை ஏற்றிவிடலாம். இதற்குத்தான் ஸ்பெஷல் நாடகம் என்று பெயர். சிறுவர் கம்பெனிகளில் பெண் வேடத்தையும் பையன்களே போட்டார்கள். ஸ்பெஷல் நாடகத்தில் பெண்கள் நேரடியாக நடிக்க முடிந்தது. ராஜலட்சுமி நின்று ஜெயித்த களம் அதுதான்.

எஸ்.ஜி.கிட்டப்பா, எம்.கே.தியாகராஜ பாகவதர் போன்ற பெரிய பாடகர்களோடு ஜோடியாக நடித்தார். குறத்தி நடனம் அவருக்குத் தனி அடையாளம் ஆனது. சுதந்திரப் போராட்டம் சூடுபிடித்த காலம் என்பதால், கதைக்குச் சம்பந்தமே இல்லாவிட்டாலும் நடுவில் தேசபக்திப் பாடல்களைப் பாடுவார். அதற்காகக் கைதானதும் உண்டு.

பாட்டுக்காரி ஊமைப்படத்தில் என்ன செய்தார்?

1929-ல் சென்னையில் ஏ.நாராயணன் 'ஜெனரல் பிக்சர்ஸ் கார்ப்பரேஷன்' என்ற பட நிறுவனத்தைத் தொடங்கினார். அந்த நிறுவனத்தின் 'கோவலன்' என்ற மௌனப்படத்தில்தான் ராஜலட்சுமி முதன்முதலாகக் கேமரா முன்னால் நின்றார். வேடம், ஆடல் அரசி மாதவி.

யோசித்துப் பார்த்தால் இது விநோதமான வேலை. பாட்டுக்குப் பேர் போனவர், பாட்டே கேட்காத ஒரு படத்தில் நடிக்கிறார். மௌனப்படத்தில் வசனத்தை எழுத்தாக அட்டையில் காட்டுவார்கள். படிக்கத் தெரியாதவர்களுக்காகக் கொட்டகையில் ஒருவர் நின்று கதையை உரக்கச் சொல்வார். பக்கத்திலேயே வாத்தியக்காரர்கள் உட்கார்ந்து வாசிப்பார்கள். ராஜலட்சுமியின் குரல் படத்தில் ஏறவே வழியில்லை. ஏறக்கூடியது அவருடைய முகமும், கையும், காலும், ஆட்டமும் மட்டும்தான்.

அன்றைக்கு மௌனப்படங்களில் நடிக்க உள்ளூர்க் குடும்பத்துப் பெண்கள் லேசில் முன்வரவில்லை. நாயகி வேடங்களில் ஆங்கிலோ இந்தியப் பெண்கள்தான் அதிகம் நடித்தார்கள். அந்தச் சூழலில் ராஜலட்சுமி அடுத்தடுத்து 'உஷா சுந்தரி', ராஜா சாண்டோ இயக்கிய 'ராஜேஸ்வரி' ஆகிய மௌனப்படங்களிலும் நடித்தார். மூன்றுமே இன்று இல்லை.

'காளிதாஸ்' ஏன் இவ்வளவு முக்கியம்?

1931 மார்ச் 14-ல் பம்பாயில் 'ஆலம் ஆரா' வெளியாகி இந்திய சினிமா பேசத் தொடங்கியது. அதே தயாரிப்பாளர் அர்தேஷிர் இரானி, அதே பம்பாய் ஸ்டுடியோவில், தெற்கத்தி ரசிகர்களுக்காக எடுத்த படம் 'காளிதாஸ்'. இயக்கியவர் எச்.எம்.ரெட்டி. மாடு மேய்ப்பவனுக்கு ஏமாற்றிக் கட்டிவைக்கப்படும் இளவரசி வித்யாதரியாக ராஜலட்சுமி நடித்தார். காளியின் அருளால் அந்த மாடு மேய்ப்பவன் மகாகவி ஆவதுதான் கதை.

1931 அக்டோபர் 31-ல் சென்னை வால்டாக்ஸ் சாலையில் இருந்த கினிமா சென்ட்ரல் தியேட்டரில் படம் வெளியானது. பின்னாளில் முருகன் டாக்கீஸ் என்று பெயர் மாறியது அதே தியேட்டர்தான். பம்பாயில் இருந்து படப்பெட்டி சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு வந்து இறங்கியபோது கூட்டம் கூடி, தேங்காய் உடைத்து, ஊதுவத்தி ஏற்றி, பூத்தூவி தியேட்டர்வரை ஊர்வலமாகக் கொண்டுபோனதாகச் சொல்வார்கள். அன்று ராஜலட்சுமிக்கு 20 வயது நிறையவில்லை.

படத்தில் நாயகி தமிழில் பேசினார். நாயகனாக நடித்த பி.ஜி.வெங்கடேசன் தெலுங்கில் பேசினார். காளிதாசன் கதைக்கு நடுவே தியாகராஜர் கீர்த்தனைகளும் வந்தன. காந்தியின் கைராட்டையைப் போற்றும் மதுரகவி பாஸ்கரதாஸின் பாட்டும் வந்தது. ராஜலட்சுமியின் குறத்தி நடனமும் சேர்த்துக் காட்டப்பட்டது. மேடையில் இருந்ததையெல்லாம் அப்படியே அள்ளித் திரையில் கொட்டியது போன்ற ஒரு படம்.

இத்தனை மொழிகள் கலந்த படத்தைத் தமிழின் முதல் பேசும் படம் என்று சொல்லலாமா என்ற விவாதம் சினிமா ஆய்வாளர்களிடம் இன்றும் ஓய்ந்தபாடில்லை. படத்தில் தமிழ் எவ்வளவு, தெலுங்கு எவ்வளவு என்று ஒருமுறை போட்டுக் கேட்டால் தீர்ந்துவிடும் விஷயம் இது. போட்டுக் கேட்கப் படம் இல்லை. பத்திரிகை விளம்பரத்தையும் விமர்சனத்தையும் வைத்துத்தான் வாதாட வேண்டியிருக்கிறது.

கேமராவுக்குப் பின்னால் போனது எப்போது?

1933-ல் வந்த 'வள்ளி திருமணம்' ராஜலட்சுமியை உச்சத்துக்குக் கொண்டுபோனது. கோவையின் சினிமா முன்னோடி சாமிக்கண்ணு வின்சென்ட் பங்கெடுத்துக் கல்கத்தாவில் எடுக்கப்பட்ட படம் அது. வள்ளியாக ராஜலட்சுமி, நாரதராக டி.வி.சுந்தரம். இருவரும் பின்னர் திருமணம் செய்துகொண்டார்கள். ரசிகர்கள் அவரை 'சினிமா ராணி' என்று கொண்டாடினார்கள்.

இந்த இடத்தில் நின்றிருந்தாலே போதும். அவர் நிற்கவில்லை. 'கமலவல்லி' என்ற பெயரில் தானே எழுதிய நாவலை 'மிஸ் கமலா' என்று படமாக்கினார். 1936-ல் வந்த அந்தப் படத்தில் கதை அவர், தயாரிப்பு அவர், இயக்கம் அவர், கதாநாயகியும் அவர். எங்கு பார்த்தாலும் புராணப் படங்களாக வந்துகொண்டிருந்த காலத்தில் ஒரு சமூகக் கதையைக் கையில் எடுத்தார். பெயரிலேயே 'மிஸ்' என்று போட்டதைக் கவனியுங்கள். பத்து வயதுக்குள் திருமதி ஆக்கப்பட்ட ஒருவர் வைத்த தலைப்பு அது.

அவருக்கு முன்பு இந்தியாவில் படம் இயக்கிய பெண் என்றால் பம்பாயின் ஃபாத்மா பேகம். 1926-ல் 'புல்புல் இ பரிஸ்தான்' என்ற மௌனப்படத்தை எடுத்தவர். அந்தப் படமும் கிடைக்கவில்லை. ஆக, இந்தியாவின் முதல் பெண் இயக்குநர் எடுத்த முதல் படமும் இல்லை. தெற்கின் முதல் பெண் இயக்குநர் எடுத்த முதல் படமும் இல்லை.

1939-ல் 'இந்தியத் தாய்' என்ற தேசபக்திப் படத்தைத் தயாரித்தார். பிரிட்டிஷ் காலத் தணிக்கையின் கெடுபிடியும் பண நஷ்டமும் சேர்ந்து கையைக் கடித்தன. 1940-களுக்குப் பிறகு வாய்ப்புகள் குறைந்தன. சினிமாவுக்கு வெளியேயும், பெண் சிசுக்கொலையில் இருந்து மீட்கப்பட்ட ஒரு குழந்தையைத் தத்தெடுத்து வளர்த்தவர் அவர். 1961-ல் கலைமாமணி விருது கிடைத்தது. 1964-ல் சென்னையில் காலமானார்.

படங்கள் எப்படி அழிந்தன?

ஒரு பெரிய தீ விபத்தில் எல்லாம் போச்சு என்று சொல்ல முடிந்தால் மனசுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும். அப்படி இல்லை. ஒரு தொழில் தன் சரக்கை எப்படிப் பார்த்தது என்பதில்தான் விடை இருக்கிறது.

முதல் காரணம், படச்சுருள் செய்யப்பட்ட பொருள். அன்றைய படங்கள் நைட்ரேட் ஃபிலிமில் எடுக்கப்பட்டன. செல்லுலோஸ் நைட்ரேட் என்பது வெடிமருந்துக்கு ஒன்றுவிட்ட சொந்தக்காரன் மாதிரி. தீப்பிடித்தால் தண்ணீருக்குள் போட்டாலும் எரியும். தீப்பிடிக்காவிட்டாலும் நாளாக நாளாகப் பிசுபிசுத்து, ஒன்றோடொன்று ஒட்டி, கடைசியில் பொடியாக உதிர்ந்துவிடும். சென்னையின் வெக்கையும் ஈரக்காற்றும் இந்த வேலையை இன்னும் சீக்கிரம் முடித்துவிடும்.

இரண்டாவது, பிரதிகள் மிகக் குறைவு. கையில் இருக்கும் சில பிரதிகளே சென்னையில் ஓடி, பிறகு மாவட்டத் தலைநகரம், பிறகு டூரிங் கொட்டகை, பிறகு இலங்கை, பர்மா, மலேயா என்று சுற்றும். திரும்பி வரும்போது கீறலும் ஒட்டுமாக இருக்கும். பல நேரம் திரும்பியே வராது.

மூன்றாவது, வெள்ளி. கறுப்பு வெள்ளை ஃபிலிமில் உருவத்தைத் தாங்கி நிற்பது வெள்ளித் துகள்கள். ஓடி முடிந்த படத்தை வைத்திருந்தால் கிடங்கு வாடகை. உருக்கினால் வெள்ளி. பேசும் படம் வந்த பிறகு மௌனப்படத்தைப் பார்க்க ஆள் இல்லை. வியாபாரி எதைத் தேர்ந்தெடுத்திருப்பார் என்று ஊகிப்பது கஷ்டமில்லை.

நான்காவது, பாதுகாக்க ஓர் இடமே இல்லை. புனேவில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் தொடங்கப்பட்டது 1964-ல். ராஜலட்சுமி இறந்ததும் அதே 1964-ல். அவர் வாழ்ந்த காலம் கிட்டத்தட்ட முழுக்க, ஓடி முடிந்த ஒரு படத்தைக் கொண்டுபோய்ப் பத்திரமாக வைக்க நாட்டில் ஒரு தேசியக் காப்பகம் இருக்கவில்லை.

விளைவு? இந்தியாவில் எடுக்கப்பட்ட மௌனப்படங்கள் சுமார் 1,300. அவற்றில் இன்று இருப்பது ஏறத்தாழ 30 மட்டுமே. அதிலும் பல முழுசாக இல்லை, துண்டு துண்டாகத்தான் உள்ளன.

ஒன்றுகூடத் தப்பவில்லையா?

தென்னிந்திய மௌனப்படங்களில் முழுமையாக மிஞ்சியது ஒன்றே ஒன்று என்று சொல்லப்படுகிறது. 1933-ல் திருவனந்தபுரத்தில் திரையிடப்பட்ட 'மார்த்தாண்ட வர்மா'. சி.வி.ராமன் பிள்ளையின் நாவலைத் தழுவிய படம். நாவலின் உரிமையை வைத்திருந்த பதிப்பகம் வழக்குப் போட்டது. சில நாள் ஓடியதுமே படம் முடக்கப்பட்டது. பெட்டிக்குள் போனது போனதுதான். 1974-ல்தான் புனே காப்பகத்தின் கைக்கு வந்தது.

ஊர் ஊராக ஓடி, வசூல் பார்த்து, தேய்ந்துபோயிருந்தால் அந்தப் படமும் மற்றவை போலக் காணாமல் போயிருக்கும். ஓடவிடாமல் நிறுத்திய வழக்குதான் அதைக் காப்பாற்றியது. இதில் இன்னொரு சங்கதி உண்டு. 'மார்த்தாண்ட வர்மா'வை இயக்கிய பி.வி.ராவ்தான் அதே 1933-ல் ராஜலட்சுமி நடித்த 'வள்ளி திருமணம்' படத்தையும் இயக்கினார். தோற்ற படம் காப்பகத்தில் இருக்கிறது. ஜெயித்த படத்தைத் தேட வேண்டியிருக்கிறது.

மாதவியும் மாதவியும்

சிலப்பதிகாரத்தில் மாதவி முதன்முதலாக மேடை ஏறும் காட்சிக்கு 'அரங்கேற்று காதை' என்று ஒரு தனிப் பகுதியே உண்டு. அவள் ஆடிய அரங்கின் அகலம் ஏழு கோல், நீளம் எட்டுக் கோல், உயரம் ஒரு கோல் என்று அளவு சொல்கிறார் இளங்கோவடிகள். அவளுக்குக் கற்றுக்கொடுத்த ஆடலாசிரியன், இசையாசிரியன், குழல் வாசித்தவன், யாழ் வாசித்தவன் ஒவ்வொருவருக்கும் என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதுகூட அதில் இருக்கிறது. ஆயிரத்தெட்டுக் கழஞ்சுப் பொன் அவளுக்குப் பரிசு. எல்லாம் நமக்குத் தெரியும்.

ஓலைச்சுவடி ஒன்றும் அழியாத பொருள் இல்லை. செல் அரிக்கும், உளுத்துப்போகும். ஆனா பழசு சிதையும் முன்னே யாராவது ஒருவர் புது ஓலையில் பார்த்து எழுதினார். நூற்றாண்டுக் கணக்கில் இப்படிப் படி எடுத்துக்கொண்டே வந்ததால்தான் உ.வே.சாமிநாதையர் ஊர் ஊராகச் சுவடி தேடி அலைந்தபோது அவருக்குச் சிலப்பதிகாரம் சிக்கியது. 1892-ல் அவர் அச்சுப் போட்டார். அது பிழைத்தது.

அதற்கு 37 ஆண்டுகள் கழித்து, 1929-ல் ராஜலட்சுமி அதே மாதவியாகக் கேமரா முன்னால் ஆடினார். அசையும் உருவத்தை அப்படியே பிடித்துவைக்கும் புத்தம்புது கருவி அது. அதில் பதிந்த ஆட்டத்தை யாரும் படி எடுத்து வைக்கவில்லை. கதையில் வரும் மாதவி மேடையின் அளவு தெரிகிறது. நிஜத்தில் வாழ்ந்த மாதவி எந்தக் கையை எப்படி நீட்டினாள் என்று தெரியாது.

இனி கிடைக்க வாய்ப்பு உண்டா?

சுத்தமாக இல்லை என்று சொல்லிவிட முடியாது. 1919-ல் எடுக்கப்பட்ட 'பில்வமங்கள்' என்ற மௌனப்படம் தொலைந்துபோனதாகவே கருதப்பட்டது. அதன் ஒரு பகுதி பாரிஸில் உள்ள திரைப்படக் காப்பகத்தில் இருப்பது தெரியவந்து, அண்மைக் காலத்தில் இந்தியா வந்து சேர்ந்தது. ஜெர்மனியின் புகழ்பெற்ற 'மெட்ரோபோலிஸ்' படத்தில் வெட்டப்பட்ட காட்சிகள் 2008-ல் அர்ஜென்டினாவில் கிடைத்தன. தமிழ்ப் படங்கள் கொழும்புக்கும் ரங்கூனுக்கும் பினாங்குக்கும் போனவைதானே. ஏதோ ஒரு பழைய கிடங்கில், பெயர் அழிந்த ஒரு தகரப் பெட்டி இருக்கக்கூடும் என்ற நம்பிக்கையை ஆய்வாளர்கள் கைவிடவில்லை.

அதுவரை மிஞ்சியிருப்பது காகிதம். படம் ஓடும் கொட்டகை வாசலில் சில்லறைக் காசுக்கு விற்ற பாட்டுப் புத்தகங்கள், நாடக நோட்டீஸ்கள், பத்திரிகை விளம்பரங்கள். இவற்றைக் குப்பை என்று தூக்கிப்போடாமல் சேர்த்துவைத்த ஃபிலிம் நியூஸ் ஆனந்தன் போன்ற தனிமனிதர்களால்தான் தமிழ் சினிமாவின் முதல் இருபது ஆண்டுகளைப் பற்றி நம்மால் இவ்வளவாவது பேச முடிகிறது. தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இப்படிப்பட்ட பழைய பாட்டுப் புத்தகங்களையும் நாடக நோட்டீஸ்களையும் பாதுகாத்துவருகிறது. கீழ்க்கட்டளையில் இருந்து வேளச்சேரி வழியாகப் போனால் கிட்டத்தில்தான்.

உங்கள் வீட்டுப் பரணிலோ, தாத்தாவின் டிரங்குப் பெட்டியிலோ அப்படி ஒரு பழைய பாட்டுப் புத்தகம் கிடந்தால், அடுத்த முறை பழைய பேப்பர்க்காரர் வரும்போது எடைக்குப் போடுவதற்கு முன் ஒருமுறை பிரித்துப் பாருங்கள். ராஜலட்சுமி நடித்த படங்களும் கடைசியில் எடைக்குத்தான் போயின.